ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கு: பாடத்துக்காக எவ்வளவு நகல் எடுக்கலாம்?

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஓர் உரிமையியல் வழக்கைத் தொடுத்தன. முதல் எதிர்த்தரப்பாக நிறுத்தப்பட்டது, டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் இயங்கிவந்த ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்ற ஜெராக்ஸ் கடை. இரண்டாவது எதிர்த்தரப்பு, அந்தக் கடைக்கு உரிமம் கொடுத்து இடமும் ஒதுக்கியிருந்த டெல்லி பல்கலைக்கழகம். தங்கள் நூல்களின் பகுதிகளை நகலெடுத்து, பாடத் தொகுப்புகளாகக் கட்டி, மாணவர்களுக்கு விற்பது பதிப்புரிமை மீறல் என்பது வழக்கின் சாரம். தடையாணையோடு 60 லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்கப்பட்டது.

இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட பலர் 'படிப்புக்காக ஜெராக்ஸ் எடுத்தால் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்ற ஒரு வரியாகவே அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு சொன்னது அதைவிட நுட்பமானது, அதைவிடப் பயனுள்ளது. எத்தனை பக்கம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எடுத்த பகுதி பாடத்துக்குத் தேவைப்பட்டதா என்று கேட்பதே சரியான சோதனை என்று அது நிறுவியது. அந்தச் சோதனையை ஆசிரியர்களும் நூலகர்களும் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், தேவையில்லாமல் அஞ்சுவார்கள், இல்லையென்றால் சட்டம் தராத உரிமையை இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள் என்பதால்தான் வழக்கை முழுமையாகத் தொகுத்துச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

பாடத் தொகுப்பின் தன்மையைப் பொறுத்தே வழக்கின் முடிவு அமைந்தது என்பதால் அதை முதலில் அருகிலிருந்து பார்த்துவிடலாம். முதுகலைச் சமூக அறிவியல் வகுப்புகளில் ஒரு தாளுக்கு ஒரே பாடநூல் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. ஆசிரியர் தரும் வாசிப்புப் பட்டியலில் ஒரு நூலின் மூன்றாம் அத்தியாயம், இன்னொரு நூலின் முன்னுரை, ஒரு கட்டுரைத் தொகுதியிலிருந்து ஒரே ஒரு கட்டுரை என்று பல இடங்களிலிருந்து எடுத்த பகுதிகள் இருக்கும். நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓரிரு படிகள்தான் இருக்கும். வகுப்பிலோ பல பேர். எனவே பட்டியலில் உள்ள பகுதிகளை ஒருமுறை நகலெடுத்து மூலப் பிரதியாக வைத்துக்கொண்டு, கேட்கும் மாணவருக்கு மறுநகல் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. பல்கலைக்கழகம் கடைக்கு விதித்திருந்த கட்டணம் பக்கத்துக்கு 40 பைசா. அந்தக் கணக்கில் 500 பக்கத் தொகுப்பு ஒன்றின் நகல் செலவு 200 ரூபாய். பட்டியலில் உள்ள நூல்களை எல்லாம் விலை கொடுத்து வாங்குவது மாணவருக்கு நடக்கிற காரியம் இல்லை. வாங்கினாலும் ஒவ்வொன்றிலும் படிக்க வேண்டியது ஓர் அத்தியாயம் மட்டுமே.

வழக்கில் பேசப்பட்ட நான்கு தொகுப்புகளைச் சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் பின்னர் நூல்வாரியாக அளந்து பார்த்தார். ஒரு நூலிலிருந்து எடுக்கப்பட்ட பகுதி சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதில் தெரியவந்தது. சராசரி அது, தனித்தனி நூல்களை எடுத்துக்கொண்டால் சில மிகக் கூடுதலாகவும் இருந்தன. சில நூல்கள் முழுமையாகவே நகலெடுக்கப்பட்டன என்ற பதிப்பகங்களின் குற்றச்சாட்டு வழக்கு முழுவதும் உடன் வந்தது. அதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசக் கூடாது.

வழக்கு தொடங்கியதும் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் கடையை ஆய்வு செய்து, அங்கிருந்த தொகுப்புகளைப் பதிவு செய்தார். 2012 அக்டோபர் 17 அன்று இடைக்காலத் தடை பிறந்தது. பதிப்பகங்களின் நூல்களையோ அவற்றின் கணிசமான பகுதிகளையோ நூல் வடிவிலோ பாடத் தொகுப்பு வடிவிலோ கட்டி விற்கக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். அந்த ஒரு கடையின் மீதான தடைதான் என்றாலும், அதன் விளைவு வளாகம் முழுவதும் உணரப்பட்டது; மற்ற கடைக்காரர்களுக்கும் அச்சம் வந்தது, மாணவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்தில் வரிசையில் நின்றார்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒரு சிறு கடையின் மீது வழக்குத் தொடுத்தால், இடைக்காலத் தடையோடு அது முடிந்துபோவதுதான் வழக்கமான பாதை. கடைக்காரருக்குச் சட்டக் கொள்கைக்காகப் பல ஆண்டுகள் வாதாடும் வசதி இருக்காது. அப்படி முடியாமல் போனதற்குக் காரணம், நகலைப் பயன்படுத்துகிறவர்களே நீதிமன்றத்துக்கு வந்தார்கள் என்பதுதான். மாணவர்கள் ஒன்றுகூடி ஏசீக் என்ற சங்கத்தை அமைத்து, தங்களையும் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கும்படி கேட்டார்கள். ஷம்நாத் பஷீர் உள்ளிட்ட கல்வியாளர்கள் ஸ்பீக் என்ற அமைப்பின் வழியாக வந்தார்கள். இரு தரப்பையும் நீதிமன்றம் எதிர்த்தரப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இந்த வழக்கிலிருந்து டிஜிட்டல் உரிமைகள் பேசுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் இதுவே என்பது என் எண்ணம். சட்டத்தில் விலக்கு எழுதப்பட்டிருந்தாலும், அந்த விலக்கால் பயன்பெறுகிறவர் தரப்பினராக நின்று கேட்காவிட்டால் அதைப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

எழுத்தாளர்களும் பேசினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தின் ஆசிரியர்களில் ஒருவரான அமர்த்திய சென், இந்தப் பாடத் தொகுப்புகள் கிடைக்காமல் போகும் அளவுக்குச் சட்டத்தின் முழு பலத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று தன் பதிப்பகத்துக்கு எழுதினார். 300-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் வழக்கைத் திரும்பப் பெறும்படி கையெழுத்திட்டார்கள். அவர்களில் பலருடைய எழுத்துகளே அந்தத் தொகுப்புகளில் இருந்தன. பதிப்புரிமையின் பெயரால் யாருடைய நலன் காக்கப்படுவதாகச் சொல்லப்பட்டதோ, அவர்களே அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்றார்கள். அறிவுசார் ஆய்வு நூல்களை எழுதுகிறவர்களுக்கு ராயல்டி பெரிய வருமானமாக இருப்பதில்லை. தங்கள் நூல் வகுப்பறையில் படிக்கப்படுவதே அவர்கள் பணியின் பயன்.

சட்டம் என்ன சொல்கிறது

வழக்கின் மையம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பதிப்புரிமை மீறல் ஆகாத செயல்களை அந்தப் பிரிவு வரிசைப்படுத்துகிறது. அதில் 52(1)(ஐ) என்ற உட்பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் மறுபடி உருவாக்குவது மீறல் ஆகாது என்கிறது. தேர்வு வினாத்தாளில் கேள்வியாகச் சேர்ப்பதும், விடையில் எழுதுவதும் அதே உட்பிரிவில் வருகின்றன. இத்தனை விழுக்காடு, இத்தனை பக்கம் என்ற அளவு எதையும் அந்த உட்பிரிவு குறிப்பிடவில்லை.

பதிப்பகங்களின் வாதம் வலுவில்லாதது என்று சொல்ல முடியாது. கற்பித்தலின் போக்கில் என்றால் வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும்போது நடப்பது மட்டுமே என்றார்கள். ஆசிரியர், மாணவர் என்று ஒருமையில் சொல்லியிருப்பதால் பல்கலைக்கழகமோ, லாபத்துக்கு நடக்கும் கடையோ அதில் அடங்காது என்றார்கள். பாடத் தொகுப்பு என்பது உண்மையில் பாடநூலுக்குப் போட்டியாக வரும் இன்னொரு நூல் என்றார்கள். 52(1)(எச்) என்ற முந்தைய உட்பிரிவையும் எடுத்துக்காட்டினார்கள். பாடப் பயன்பாட்டுக்கான தொகுப்பு நூலில் ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து ஐந்து ஆண்டுக் காலத்தில் இரண்டு பகுதிகளுக்கு மேல் ஒரே பதிப்பாளர் வெளியிடக் கூடாது என்ற வரம்பு அதில் உள்ளது. அப்படியொரு வரம்பை வைத்த சட்டம், அடுத்த உட்பிரிவில் வரம்பே இல்லாத அனுமதியைத் தந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். கூடவே, இந்திய மறுபதிவு உரிமைகள் அமைப்பு என்ற ஐ.ஆர்.ஆர்.ஓ.விடம் ஆண்டு உரிமம் வாங்கிவிட்டால் நகலெடுக்கத் தடையே இல்லை, கட்டணமும் அதிகமில்லை என்ற யோசனையையும் முன்வைத்தார்கள். அமெரிக்காவில் இதுபோன்ற தொகுப்புகளை விற்ற நகலகங்களுக்கு எதிராக 1991-இல் கிங்கோஸ் வழக்கிலும், 1996-இல் மிச்சிகன் டாக்குமென்ட் சர்வீசஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்திருந்தது அவர்களுக்குத் துணையாக இருந்தது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை இல்லை, படைப்பின் மீது முழு உடைமையை ஆசிரியருக்குத் தருவதும் இல்லை, அறிவின் விளைச்சலைப் பெருக்கவே அது ஏற்பட்டது, தடுக்க இல்லை என்று அவர் எழுதிய பகுதி அன்றைய செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. அது அழகான பகுதி. ஆனால் தீர்ப்பைத் தாங்கி நிற்பது அதற்குப் பின்னால் வரும் சொல்லாய்வு. பதிப்புரிமை சட்டம் தந்த உரிமை மட்டுமே என்றால், அதன் எல்லையையும் சட்டத்தின் சொற்களில்தான் தேட வேண்டும். 52-ஆம் பிரிவில் உள்ள செயல் எதுவும் மீறலே ஆகாது என்பதால், அதைக் குறுக்கிப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கற்பித்தல் வகுப்பு மணி அடித்த பிறகு தொடங்குவதாக அவர் கொள்ளவில்லை. ஆசிரியர் பாடத்துக்கு ஆயத்தம் செய்வதிலும், வாசிப்பைப் பரிந்துரைப்பதிலும் தொடங்கி, வகுப்புக்குப் பிறகும் அது நீள்கிறது என்றார். 52(1)(எச்) பதிப்பித்து வெளியிடுவதைப் பற்றியது, 52(1)(ஐ) நகல் உருவாக்குவதைப் பற்றியது. வகுப்பு மாணவர்களுக்குப் பாடத்துக்காகக் கொடுப்பது பொதுமக்களுக்கு வெளியிடுவது ஆகாது என்று இரண்டையும் பிரித்தார்.

கடையைப் பற்றி அவர் சொன்னது எளிமையானது. நூலகத்தில் அமர்ந்து மாணவர் கையால் எழுதி எடுத்துக்கொண்டால் யாரும் மீறல் என்று சொல்ல மாட்டார்கள். தான் படித்த காலத்தில் அப்படித்தான் செய்ததாகவும் நீதிபதி நினைவுகூர்ந்தார். கஷ்டப்பட்டுச் செய்தால் குற்றம் ஆகாத ஒன்று, தொழில்நுட்பத்தால் எளிதாகிவிட்டது என்பதற்காகக் குற்றம் ஆகிவிடாது. பல்கலைக்கழகமே நூலகத்தில் இயந்திரம் வைத்து எடுத்துக் கொடுக்கலாம் என்றால், அதே வேலையை ஒரு கடைக்காரரிடம் ஒப்படைப்பதால் சட்டநிலை மாறாது.

மேல்முறையீட்டில் கூர்மையான சோதனை

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. நீதிபதிகள் பிரதீப் நந்தரஜோக், யோகேஷ் கன்னா அடங்கிய அமர்வு 2016 டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்பு அதிகம் மேற்கோள் காட்டப்பட்டாலும், இன்று ஓர் ஆசிரியரோ நூலகரோ முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சட்டத்தின் சொற்களில் நியாயமான பயன்பாடு என்ற நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், எந்த விலக்குக்குள்ளும் நியாயம் உள்ளடங்கியே இருக்கிறது என்று அமர்வு கொண்டது. ஆனால் அந்த நியாயத்தை அளக்க அமெரிக்க நீதிமன்றங்கள் பார்க்கும் நான்கு காரணிகள் (பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் விளைவு) இங்கே பொருந்தாது. நோக்கத்தை வைத்தே அளக்க வேண்டும். கற்பவர் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொள்வதற்கு எந்த அளவு தேவையோ அந்த அளவு எடுப்பது நியாயமானது. ஒரு கருத்தைக் கற்பிக்க நான்கு பக்கம் போதுமானால் நாற்பது பக்கம் எடுப்பது அந்தச் சோதனையில் தேறாது. நாற்பது பக்கமும் வேண்டும் என்றால் நாற்பதும் நியாயம்தான். பக்கக் கணக்கில் ஒளிந்துகொள்ளும் வசதியை இந்தச் சோதனை பதிப்பாளருக்கும் தரவில்லை, நகலெடுப்பவருக்கும் தரவில்லை. வாசிப்புப் பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியரின் கல்வித் தீர்மானமே சட்டத்தின் அளவுகோலாகிறது.

ஆசிரியர், மாணவர் என்ற ஒருமைச் சொற்கள் பன்மையையும் குறிக்கும் என்பதற்குப் பொதுச் சரத்துகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவை அமர்வு எடுத்துக்கொண்டது. நகலெடுக்கும் பணியைக் கடை செய்வதையும் ஏற்றுக்கொண்டது. சந்தைக்கு இழப்பு என்ற வாதத்துக்கு அது தந்த விடை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொகுப்பில் ஓர் அத்தியாயம் கிடைக்காவிட்டால் மாணவர் அந்த நூலை வாங்கியிருப்பார் என்பது நடைமுறையில் இல்லாத ஊகம். அவர் நூலகத்துக்குப் போவார். கல்வி பரவப் பரவ, படிக்கிறவர்களும் சம்பாதிக்கிறவர்களும் பெருகி, நூல்களின் சந்தை நீண்ட காலத்தில் விரியவே செய்யும்.

இருந்தாலும் வழக்கை அமர்வு முற்றாக முடிக்கவில்லை. சட்டக் கேள்வியைத் தீர்த்துவிட்டு, உண்மை நிலையைக் கண்டறிவதற்காக வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது. ஒவ்வொரு தொகுப்பிலும் சேர்க்கப்பட்ட பகுதிகள் அந்தப் பாடத்தின் நோக்கத்துக்கும், ஆசிரியரின் வாசிப்புப் பட்டியலுக்கும் பொருந்துகின்றனவா என்பதும், முழு நூல்கள் நகலெடுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் சாட்சியங்களோடு ஆராயப்பட வேண்டியிருந்தன. இதற்கிடையில் தடையாணை கிடையாது. கடை தான் எடுத்துக் கொடுக்கும் தொகுப்புகளுக்குக் கணக்கு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும்.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச் 9 அன்று மூன்று பதிப்பகங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஐ.ஆர்.ஆர்.ஓ. உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2017 மே 9 அன்று அதன் மனு தள்ளுபடியானது. இரு நீதிபதிகள் அமர்வின் விளக்கம் அப்படியே நிலைத்தது.

வழக்கு விசாரணைக்குப் போகாமல் முடிந்ததில் எனக்கு ஒரு குறை உண்டு. முழு நூலை நகலெடுப்பது எப்போது நியாயம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. சில நூறு படிகள் மட்டும் அச்சிடும் ஒரு சிறு தமிழ்ப் பதிப்பகத்தின் நாவல் கல்லூரிப் பாடமாக வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாவல் முழுவதும் பாடம். சந்தையில் மலிவு விலையில் கிடைக்கிறது. அதன் முதன்மை வாசகர்களே அந்த மாணவர்கள்தான். அங்கே முழு நூலை ஜெராக்ஸ் போடுவதும், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஆய்வு நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுப்பதும் ஒன்றாக முடியாது. அமர்வு வகுத்த சோதனையில் இந்த வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் அதைச் சாட்சியங்களோடு எடைபோட்டுச் சொல்லும் வாய்ப்பு இந்த வழக்கில் அமையவில்லை.

தாளிலிருந்து திரைக்கு

டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதற்கு வழிகாட்டும் மதிப்பு உண்டு. நடைமுறையில் இதைவிடப் பெரிய கேள்வி வேறு. இன்று பாடத் தொகுப்பு ஸ்பைரல் பைண்டிங்கில் வருவது குறைந்துவிட்டது; ஆசிரியர் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புகிறார். 52(1)(ஐ) இதைக் காக்குமா?

மறுபடி உருவாக்குதல் என்பதில் மின்னணு வடிவில் சேமிப்பதும் அடங்கும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. எனவே ஸ்கேன் செய்து கோப்பாக வைத்திருப்பது வரை சிக்கல் இல்லை. ஆனால் பொதுமக்களுக்குத் தெரிவித்தல் என்பது அதே பிரிவில் தனி உரிமையாக நிற்கிறது. இணையத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வைப்பது அந்தத் தலைப்பின் கீழ் வரும். 52(1)(ஐ) மறுபடி உருவாக்குவதை மட்டுமே விலக்குகிறது. வகுப்பு மாணவர்கள் பொதுமக்கள் இல்லை என்ற டெல்லித் தீர்ப்பின் தர்க்கம் இங்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். கடவுச்சொல் போட்டு, அந்த வகுப்புக்கு மட்டும், அந்தப் பருவத்துக்கு மட்டும் கொடுக்கப்படும் கோப்பு தாளில் எடுத்த தொகுப்பிலிருந்து தன்மையில் வேறுபடவில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இணைப்பாக அதைப் போட்டுவிட்டால் அந்த வாதத்தின் அடிப்படையே போய்விடும். டிரைவ் கோப்பில் அனுமதியை 'இணைப்பு உள்ள எவரும்' என்று வைப்பதற்கும், மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்ப்பதற்கும் ஆகும் நேர வேறுபாடு சில நிமிடங்கள்தான். சட்டத்தின் முன் அந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆசிரியர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்விதழ்களின் நிலை இன்னும் கடினம். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்று ஆய்விதழ் வெளியீட்டாளர்களும் 2020 டிசம்பரில், ஆய்வுக் கட்டுரைகளையும் நூல்களையும் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப், லிப்ஜென் தளங்களுக்கு எதிராக அதே டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. சை-ஹப் நிறுவனர் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் இந்திய நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துத் தன் தரப்பை முன்வைத்தார். புதிய கட்டுரைகளை ஏற்றுவதில்லை என்ற உறுதியும் அளிக்கப்பட்டது. இந்திய அறிவியலாளர்கள் தங்கள் ஆய்வுக்கு இந்தத் தளங்கள் ஏன் தேவைப்படுகின்றன என்று சொல்லத் தலையிட்டார்கள். 2025 ஆகஸ்டில், அளித்த உறுதி மீறப்பட்டது என்ற புகாரின் மீது தளத்தை முடக்க உத்தரவு வந்தது. ராமேஷ்வரி வழக்கின் வாதத்தை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு வகுப்பு இருந்தது, ஒரு பாடத்திட்டம் இருந்தது, தேவையை அளக்க ஒரு வாசிப்புப் பட்டியல் இருந்தது. உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும் ஒரு களஞ்சியத்துக்கு அவை எதுவும் இல்லை. ஆய்வாளருக்குச் சட்டம் தருவது 52(1)(ஏ)-இல் உள்ள தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு. மூலக் கட்டுரையே கைக்கு எட்டாதபோது அந்த விலக்கால் அவருக்குப் பயன் இல்லை.

எட்டாத கட்டுரையை எட்டச் செய்ய அரசு தேர்ந்தெடுத்த வழி, மொத்தமாகச் சந்தா கட்டுவது. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் உள்ள ஏறக்குறைய 1.8 கோடிப் பேருக்கு அணுகல். ராமேஷ்வரி வழக்கைத் தொடுத்த மூன்று பதிப்பகங்களும் அந்த 30-க்குள் இருக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பேரம் பேசி, பணக்கார நிறுவனங்கள் மட்டும் வாங்கிய நிலையைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வைப் பொதுப்பணம் கொடுத்து மீண்டும் வாங்கிப் படிக்கும் ஏற்பாடாகவே அது இருக்கிறது. சந்தா முடியும் நாளில் அணுகலும் முடியும். அதே தொகையில் ஒரு பங்கையாவது, இந்தியாவில் எழுதப்படும் கட்டுரைகள் எழுதியவுடன் எல்லோருக்கும் திறந்திருக்கும் களஞ்சியங்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

திட்டத்தின் பயனாளிகள் அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மட்டுமே. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பான்மை சுயநிதிக் கல்லூரிகள். கலை அறிவியல் கல்லூரிகளிலும் அவற்றின் பங்கு பெரிது. அந்த மாணவர்கள் இந்தச் சந்தாவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு இன்று கையில் இருக்கும் சட்ட வழி, ராமேஷ்வரி வழக்கு விளக்கிக் காட்டிய 52(1)(ஐ)தான். அது அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்று பார்ப்பதில்லை. கற்பித்தல் நடக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

2021 ஜூலையில் வணிகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிவுசார் சொத்துரிமை குறித்த தன் 161-ஆவது அறிக்கையில் இந்த வழக்கைக் குறிப்பிட்டு, தீர்ப்பு பதிப்புத் துறையைப் பாதிக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தது. 52-ஆம் பிரிவைத் திருத்தி, இத்தகைய நகலெடுப்பை அரசுக்குச் சொந்தமான கல்வி நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. அந்தப் பரிந்துரை சட்டமானால், சந்தாத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் அதே சுயநிதிக் கல்லூரி மாணவர், வாசிப்புப் பட்டியலோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகும் உரிமையையும் இழப்பார். கல்லூரிக் கட்டணத்துக்கே கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவர்கள் நிறைந்த கல்லூரிகள் அவை. 52-ஆம் பிரிவைத் திருத்துவதாக இருந்தால் திருத்த வேண்டியது எதிர்த் திசையில். மறுபடி உருவாக்குதல் என்ற சொல்லோடு, பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டும் மின்னணு வழியில் தெரிவித்தலையும் 52(1)(ஐ)-இல் சேர்க்க வேண்டும்; நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அந்த உட்பிரிவுக்குள் நுழைய விடக் கூடாது.